பத்து இருபத்தெட்டுக்குக் கவிழ்த்த குடுவை

என் பட்டம் போகப் பார்த்ததற்கு வேதியியல் காரணமில்லை, என் அவசரப் புத்திதான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

மலாக்காவில் இறுதியாண்டு ஆய்வு. மின்சாரம் கடத்தும் ஒரு பச்சை நிறப் பாலிமரைத் தயாரிக்க வேண்டும். பனிக்கட்டிக்குள் வைத்த கரைசலில் இன்னொரு கரைசலை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக விட்டால், மூலக்கூறுகள் நிதானமாக வரிசைகட்டிப் படிகமாகும். மூன்று முறையும் ஒரே மாதிரி வந்தால் தேர்ச்சி; இல்லாவிட்டால் இன்னொரு பருவம். இரண்டு முறை அழகாக வந்தது.

மூன்றாவது, வெள்ளிக்கிழமை. ஜாசினிலிருந்து அம்மா போன் செய்தார்.

"பத்தரைக்கு ராகு காலம். அதுக்கு முன்னுக்கே ஆரம்பிச்சிருலா."

பத்து மணிக்கே ஆரம்பித்தேன். (நல்ல பிள்ளை!) பாதி விட்டபோது மூளை விழித்துக்கொண்டது: பத்தரைக்கு மேல் விழும் ஒவ்வொரு சொட்டும் புதுத் தொடக்கம்தானே? பத்து இருபத்தெட்டுக்கு மிச்சக் கரைசலோடு குடுவையை அப்படியே உள்ளே கவிழ்த்தேன். கரைசல் சூடேறியது, பச்சையும் வந்தது. தப்பித்தோம் என்று ரொட்டி சானாய் சாப்பிடப் போய்விட்டேன்.

எக்ஸ் கதிர் சோதனை காட்டிக்கொடுத்தது. முதல் இரண்டு வரைபடங்களில் கூரான முகடுகள். மூன்றாவதில் தொந்தி மாதிரி ஒரே ஒரு மேடு. படிகம் பெயருக்குக்கூட இல்லை. அதைத் தூக்கிக்கொண்டு மூன்று தேர்வாளர்கள் முன் நின்றேன்.

"இது மட்டும் ஏன்மா இப்படி?" என்றார் தலைமைத் தேர்வாளர் டாக்டர் மாலதி.

பொய் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை.

"மிச்சத்த ஒரேயடியா ஊத்திட்டேன், டாக்டர்."

"எப்ப?"

"வெள்ளிக்கெழம... பத்து இருபத்தெட்டுக்கு."

டாக்டர் மாலதி மேசையைத் தட்டிச் சிரித்தார். மற்ற இருவருக்கும், ஒருவர் மலாய்க்காரர், ஒருவர் சீனர், ராகு காலத்தை விளக்கவே ஐந்து நிமிடம் ஆனது. அவர்களும் சிரித்தார்கள். எனக்கு மானமே போனது.

"பொருள் அதேதான். ஊத்துன விதம் மாறுச்சு, படிகம் போச்சு. அதத்தாம்மா எழுதணும்! ரெண்டு விதத்தையும் மறுபடி செஞ்சு ஒப்பிட்டுக் காட்டு" என்றார் டாக்டர் மாலதி.

ஆய்வின் தலைப்பையே மாற்றினேன், தேறினேன், தலைகால் புரியாத சந்தோஷம். வீட்டில் கதையைச் சொன்னதும் அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"ஆரம்பிச்சா போதும்லா! முடிக்கணும்னு யாருடி சொன்னா?"

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் நல்ல நேரம் பார்க்கும் எவரும் என்னிடம் கடிகாரத்தைக் காட்டுவதில்லை. போன மாதம் என் கல்யாணத்தில், மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்ததும், அம்மா குனிந்து அவரிடம் கெஞ்சினார்:

"தம்பி, ஆரம்பிச்சாச்சு. மூணு முடிச்சயும் நிதானமா போடுங்க. அவ அவசரப்படுத்துனா கேக்காதீங்க."