இருபத்தேழாம் வீட்டுக்கு இரண்டே வண்டி

மச்சானை வீட்டைவிட்டுக் கிளப்புவது என்று தீர்மானித்தேன். வாயால் சொல்லி அல்ல, சட்டப்படி. எங்கள் வீட்டு உரிமையாளர் சங்கத்தில் வண்டி நிறுத்தும் கமிட்டிக்கு நான்தான் தலைவர். அரிசோனா வெயிலில் எதுவும் முளைக்காது என்பார்கள். நான் நாலே வருஷத்தில் முப்பத்தொரு விதிகளை முளைக்க வைத்தவன்.

மச்சான் வெண்டல் என் மனைவி டார்லீனின் அண்ணன். இந்தக் குளிர்காலத்தில் அவர் மனைவி இறந்துபோனாள். ஆறு வருஷம் சக்கர நாற்காலியில் கிடந்தவள். தனியாகத் தூக்கம் வரவில்லை என்று வீட்டை விற்றுவிட்டு ஒரே ஒரு பெட்டியோடு எங்களிடம் வந்தார். கூடவே அவளுடைய வேனும் வந்தது, நாற்காலியை ஏற்றி இறக்கும் பலகையோடு. எங்கள் வாசலில் என் புது பிக்கப் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கும். காலையில் எழுந்ததும் அதில் ஏறி உட்காருவார். எங்கேயும் போகமாட்டார். ஒரு மணி நேரம் கழித்து இறங்கி வந்து என் காப்பியைக் குடிப்பார்.

எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. இரக்கத்தால் என்று சொல்ல ஆசைதான். ஆனால் எனக்கு இருந்தது வெறும் எரிச்சல்.

"அவரு உங்கள என்னங்க பண்ணாரு?" என்றாள் டார்லீன்.

"ஒண்ணும் பண்ணல. அதான் பிரச்சினை. மேட்ச் பாக்கும்போது பக்கத்துல உக்காந்து, யாரு ஜெயிச்சாலும் பெருமூச்சு விடறாரு."

"பொண்டாட்டியப் பறிகொடுத்துட்டு வந்திருக்காருங்க."

"நான் வேனைத்தான் சொல்றேன். விருந்தாளி வண்டி வருஷத்துக்குப் பதினாலு நாள்தான் நிக்கலாம். அதுக்கு மேல அது விருந்தாளி வண்டி இல்ல. வெள்ளிக்கிழமை பதினஞ்சாவது நாள்."

"வேனை இழுத்துட்டுப் போனா அவரும் பின்னாலயே போயிடுவாரு. அவருக்குப் போக்கிடம் இல்ல."

"சட்டம் நான் போட்டதில்ல, கமிட்டி போட்டது."

"கமிட்டில வேற யாரு இருக்கா?"

"தற்சமயம் நான் மட்டும்."

டார்லீன் மேற்கொண்டு பேசவில்லை. அவள் பேசாமல் போனால் நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்வது என் இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.

வியாழக்கிழமை, வண்டிகளை இழுத்துப் போகும் ரஸ்டிக்குப் போன் செய்தேன்.

"காலைல இருபத்தேழாம் நம்பர் வீட்டுக்கு வா."

"அது உங்க வீடாச்சே சார்?"

"சட்டத்துக்கு என் வீடு உன் வீடு கிடையாது. சங்க ஆபீஸ் பட்டியல்ல அந்த வீட்டுக்குப் பதியாத வண்டி எதுவா இருந்தாலும் கொக்கி போடு. ஆளு அழுதாலும் நிக்காதே."

வேன் என்று சொல்லவில்லை. சொன்னால் பாரபட்சமாகத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை காப்பியோடு ஜன்னலில் நின்றேன். வேனுக்குள் வெண்டல் வழக்கம்போல் உட்கார்ந்திருந்தார். ரஸ்டி வந்தான். செல்போனில் பட்டியலைப் பார்த்தான், வேனின் நம்பரைப் பார்த்தான், வெண்டலுக்குக் கையசைத்தான். பிறகு திரும்பி என் பிக்கப்புக்குக் கொக்கி போட்டான்.

செருப்பில்லாமல் ஓடினேன்.

"டேய், அது என் வண்டிடா."

"பட்டியல்ல இல்ல சார்."

"நான் யாருன்னு தெரியுமில்ல?"

"தெரியும் சார். அழுதாலும் நிக்காதேன்னு சொன்னவரு."

"நான் அழல."

"அழறீங்க சார்."

வண்டி தெருமுனை திரும்பி மறைந்தது. வெண்டல் வேனிலிருந்து இறங்கி வந்து என் தோளில் கை வைத்தார்.

"விடுங்க மாப்ள. மொதல்ல கொஞ்ச நாளு கஷ்டமா இருக்கும். அப்புறமும் கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா பழகிடும்."

அவர் நிஜமாகவே ஆறுதலுக்குத்தான் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உள்ளே டார்லீன் முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள்.

"விருந்தாளி இல்லேன்னா, இங்கயே குடியிருக்கறவருன்னுதானே அர்த்தம்? ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன். வீட்டுக்கு ரெண்டு வண்டி. என் கார் ஒண்ணு, அண்ணன் வேன் ஒண்ணு."

"என் கையெழுத்து இல்லாம எப்படி மாத்துனாங்க?"

"புருஷன் பொண்டாட்டில ஒருத்தர் கையெழுத்து போதும்னு விதி இருக்கே. எங்கிட்ட சொல்லாம அந்த பிக்கப்ப வாங்குனீங்களே, அந்த வாரம் நீங்க போட்டது."

"அப்ப என் வண்டிய மீட்டு எங்க நிறுத்தறது?"

அடுப்பைத் தணித்துவிட்டு ஒரு மஞ்சள் அட்டையை எடுத்து நீட்டினாள். விருந்தாளி அனுமதி அட்டை.

"இதைக் கண்ணாடில ஒட்டிக்குங்க. பதினாலு நாள் நிறுத்தலாம்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்குள்ள மனுஷனா மாறினீங்கன்னா பாக்கலாம். இல்லேன்னா போறது வண்டி மட்டுமா இருக்காது." அவள் சிரிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு அவளிடம் பயம் வந்தது.

இன்று பதினொன்றாம் நாள். மச்சானிடம்தான் சிபாரிசுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.