மாறினால் மட்டும் எழுப்பு

இனிமேல் இந்த வீட்டில் யாரும் எதற்காகவும் ஓடக் கூடாது என்று கணேசபாண்டியன் சட்டம் போட்டார். வீடு என்றால் தாராவியில் ஒரே அறை, குளிக்கவும் கழுவவும் மூலையில் ஒரு மோரி, ஒரு ஃபேன். ஓட நினைத்தாலும் இடம் கிடையாது. ஆனாலும் அவர் மனைவி முத்துமாரி காலை முழுக்க ஓடிக்கொண்டுதான் இருப்பாள். குழாயில் தண்ணீர் வந்ததா என்று பார்ப்பாள். பால் பொங்கியதா என்று பார்ப்பாள். கேஸ்காரன் வந்தானா என்று எட்டிப் பார்ப்பாள். மறுபடி குழாய்.

ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குப் புரோகிராம் எழுதிப் பிழைக்கிற மனுஷரால் இதை எப்படிப் பொறுக்க முடியும்?

"இதுக்குப் பேரு போலிங். ஒவ்வொண்ணுகிட்டயும் போய்ப் போய் வந்தியா வந்தியான்னு கேக்கது. மட்டமான வழி. புத்தியுள்ளவன் மூணையும் ஒரே இடத்துல பதிஞ்சு வச்சுட்டுத் தூங்குவான். எது வந்தாலும் அதுவே எழுப்பும்" என்றார்.

"தூங்குததுக்கு ஒரு படிப்பா?" என்றாள் முத்துமாரி.

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி வேல்ராஜ் ஊரிலிருந்து வருகிறான். வேலை கிடைக்கும் வரை இங்கேதான் தங்குவானாம். அவன் வேலை தேடுகிற வேகத்துக்கு அது ஆயுள் தண்டனை. அதுவும் ஃபேனுக்கு நேர் கீழே, கணேசபாண்டியன் படுக்கிற இடத்தில். ஆகவே பந்தயம் கட்டினார். உட்கார்ந்த இடத்திலிருந்தே மூன்றையும் கவனித்துக் காட்டினால் வேல்ராஜ் தேவ்நாரில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போக வேண்டும். தோற்றால் ஃபேன் அவனுக்கு. முத்துமாரி உடனே சரி என்றாள். அப்போதே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஞாயிறு காலை நிதானமாக எழுந்தார். குழாயில் ஒரு கருவி, அடுப்பில் ஒன்று, காலிங் பெல்லில் ஒன்று. மூன்றின் வயரும் லேப்டாப்புக்கு வந்தது. குழாய் மூடியே இருந்தது. தண்ணீர் வந்ததும் லேப்டாப் மணி அடிக்கும், அப்புறம் எழுந்து திறந்து டிரம்மை நிரப்பினால் போதும். காதில் ஹெட்போனை மாட்டி, காலை ஸ்டூலில் நீட்டினார். முத்துமாரி வாசலில் பக்கத்து வீட்டு நஸீராவோடு பூண்டு உரிக்கப் போய்விட்டாள்.

மணி அடித்தது. கேஸ்காரன். சிலிண்டரை வாங்கி வைத்தார். மறுபடி மணி. பால். அடுப்பை அணைத்தார். சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அப்புறம் லேப்டாப் மணியே அடிக்கவில்லை. வெளியே வீட்டு வரிசை முழுக்க டிரம்மும் குடமும் இழுபட்டன. ஹெட்போனுக்குள் எதுவும் கேட்கவில்லை. நஸீரா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். முத்துமாரி அவள் கையை அமுக்கினாள்.

கடைசியில் மணி அடித்தது. 'குழாயில் மாற்றம்' என்றது லேப்டாப். கணேசபாண்டியன் பாய்ந்து போய்த் திறந்தார். குழாய் ஒரு தடவை இருமியது. இரண்டு சொட்டு விட்டது. பிறகு வெறும் காற்று.

திரையைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. நிலைமை மாறினால் மட்டும் எழுப்பு என்று எழுதியவரே அவர்தான். கருவியை மாட்டும்போதே மூடிய குழாய்க்குள் தண்ணீர் வந்திருக்கிறது. வந்தது வந்தபடியே இருந்தால் அதில் என்ன மாற்றம்? நின்றபோதுதான் மாற்றம்.

"நான் எந்திரிக்கதுக்கு முந்தியே தண்ணி வந்துட்டா?"

"ஆமா."

"ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"எது வந்தாலும் அதுவே எழுப்பும்னு சொன்னிய. ஊடால நான் எழுப்புனா அப்புறம் பந்தயம் என்னத்துக்கு?"

அதற்குள் பெட்டியோடு வேல்ராஜ் வந்து நின்றான். ரயிலில் ஒரே கசகசப்பு, குளிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டான். கணேசபாண்டியனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சொட்டுத் தண்ணீர் கிடையாது, சித்தப்பா வீட்டில் தாராளமாக வருகிறது, இப்போதே கிளம்பினால் நல்லது என்று பஸ் நம்பர் வரைக்கும் சொன்னார்.

நஸீரா தன் வீட்டுக்குள் போய், தளும்பத் தளும்ப இரண்டு வாளியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"விடியும்போதே உனக்குன்னு பிடிச்சு வச்சிட்டேன் தம்பி" என்றாள் முத்துமாரி. "குளிச்சுட்டு ஃபேனுக்குக் கீழ படு. அத்தான் காலையிலருந்தே தூங்கிட்டாவ."