சூப் கேட்டு வந்தவர்களுக்கு கார்பரேட்டர்

என் வீட்டுக்காரர் ராட்னிக்கு யோசனை வருவதே அபூர்வம். வந்தால் அது என் தலையில்தான் விடியும்.

எனக்கு ஒரு சமையல் சைட் உண்டு. மினசோட்டாவில் யார் காட்டரிசி சூப் வைக்க நினைத்துத் தேடினாலும் முதலில் வந்து நிற்பது என் பக்கம்தான். டூலூத் நகரத்துப் பெரிய ஓட்டல்காரன்கூட எனக்குக் கீழே. பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே, அடுப்படியில் நின்றுகொண்டே பிடித்த இடம் அது. ராட்னிக்கும் ஒரு சைட் உண்டு: 'ராட்னியின் பனி மெஷின் வைத்தியசாலை'. வாசலில் குவியும் பனியை வாரித் தள்ளும் மெஷினை ரிப்பேர் செய்வது எப்படி என்று பக்கம் பக்கமாக எழுதுவார். படிப்பவரும் அவர்தான்.

அக்டோபரில் ஒரு காலை. சர்ச் தோழி குளோரியா போன் பண்ணினாள்.

"ரெனே, சூப் எங்கேடி?"

"எந்த சூப்?"

"உன் சைட்டைத் திறந்தா உன் புருஷன் வந்து நிக்கிறாரு. கார்பரேட்டரைக் கழட்டி பெட்ரோல்ல கழுவுறாரு. நான் இங்க வெங்காயத்தை நறுக்கி வச்சிட்டு அழுதுட்டிருக்கேன்!"

நேராக கராஜுக்குப் போனேன்.

"ராட்னி! என் சைட்டை என்ன செஞ்ச?"

"பார்த்துட்டியா? நிரந்தர ரீடைரக்ட்!" என்னமோ நிலாவில் கால் வைத்தவர் மாதிரி முகம். "வீடு மாறிட்டோம்னு போஸ்ட் ஆபீஸ்ல சொல்ற மாதிரி. உன் முகவரிக்கு வர்றவங்க எல்லாரும் நேரா என் முதல் பக்கத்துக்கு வந்துடுவாங்க. நீ வாங்கின நல்ல பேரும் கூடவே வந்துடும். இனிமே முதலிடம் எனக்கு!"

"என்னைக் கேட்டியா?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லுவ. அதான் கேட்கல."

கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். கெட்ட வார்த்தை வராது. வராததற்கு அன்றுதான் முதல் முறையாக வருத்தப்பட்டேன்.

"சூப் கேட்டு வந்தவன் கிரீஸைப் பார்த்தா என்ன பண்ணுவான்?"

"கொஞ்ச நேரம் படிப்பான்."

"ஓடிப்போவான்!"

ஓடித்தான் போனார்கள். தேடுபொறி என்ன அவ்வளவு அசடா? சூப் இருந்த இடத்திலிருந்து ஆளை அனுப்பினால், போகிற இடத்தில் சூப் இருக்க வேண்டாமா? என் பக்கம் செத்துவிட்டது என்று முடிவுகட்டி என்னைப் பட்டியலிலிருந்தே தூக்கிவிட்டது. அவரையும் ஏற்றவில்லை. குளிர் தொடங்கி ஊரே சூப் தேடும் நேரத்தில், முதலிடத்தில் அந்த ஓட்டல்காரன்! சூப்பில் சோளமாவு கலக்குகிற ஆள்!

"பழையபடி மாத்து."

"மாத்தக் கூடாது, தங்கம். நிரந்தரம்னு சொல்லிட்டு உடனே பின்வாங்கினா தேடுபொறி குழம்பிடும். பொறுமையா இரு."

பொறுமையா? எனக்கா? அவர் மான் வேட்டைக்குக் கிளம்பிய சனிக்கிழமை அவருடைய கம்ப்யூட்டரைத் திறந்தேன். பாஸ்வேர்டு என் பெயர்தான். அதில் மட்டும் மனிதரைக் குறை சொல்ல முடியாது. நேரம் பிடித்தாலும் என் சமையல் குறிப்பு ஒவ்வொன்றுக்கும் அவர் சைட்டிலேயே ஒரு தனிப் பக்கம் போட்டேன். பழைய சூப் முகவரியை நேராகப் புதிய சூப்புக்குத் திருப்பினேன். பழைய ஆப்பிள் பை முகவரியைப் புதிய ஆப்பிள் பைக்கு. ஆட்களைக் கூட்டிவந்து அவர் வாசலிலேயே விட்டிருக்கிறார், நான் சாப்பாடு போட வேண்டியதுதானே?

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது காட்டரிசி சூப் மறுபடி முதலிடம். பெயர்ப்பலகை மட்டும் பனி மெஷின் வைத்தியசாலை. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ராட்னியின் செல் நம்பர்.

"ரெனே! ஹார்டுவேர் கடையில எல்லாரும் சிரிக்கிறாங்க. சூப்புல ஊத்துற க்ரீம் திரியாம இருக்க என்ன பண்ணணும்னு என்னைக் கேட்கிறாங்க. முதல்ல உன் சூப்பை எடு!"

"எடுக்கக் கூடாது, தங்கம். தேடுபொறி குழம்பிடும்."

"மெஷினைப் பத்தி ஒருத்தனும் கேட்கலையே!"

"முதலிடம்தானே கேட்ட? வந்துடுச்சு."

அதற்குள் அவர் போன் அடித்தது. எடுத்தார். கேட்டார். முகம் சுருங்கியது. போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் கெஞ்சினார்.

"பெமிட்ஜியில இருந்து ஒரு அம்மா. எவ்வளவு வேக வச்சும் காட்டரிசி வெடிச்சு வாய் திறக்கலையாம். என்ன சொல்ல?"

"தேடிப் பாரு," என்றேன். "முதல்ல வர்றது உன் சைட்தான்."