ஸ்டோர் அக்காவோடு பேய் பார்க்கப் போனேன்

ஜொகூரில் உள்ள பேய்களெல்லாம் கூடி ஒரு சங்கம் வைத்தால், போட்டியே இல்லாமல் எங்கள் ஸ்டோர் அக்காவைத்தான் தலைவியாக்கும். உயிரோடு இருக்கிறார் என்ற ஒரே குறையைக்கூட அவை பெரிதுபடுத்தா. அவற்றின் வீடு தேடிப் போய் நலம் விசாரித்தவர் இந்த மாநிலத்தில் வேறு யாரும் இல்லை.

செனாயில் நான் வேலை பார்க்கும் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் பொருள் கிடங்குக்கு அவர்தான் பொறுப்பு. அவருடைய பெயர் சம்பளச் சீட்டில் இருக்கலாம். நாங்கள் யாரும் பார்த்ததில்லை. முதலாளியிலிருந்து தரை கூட்டுகிறவர் வரை, தமிழருக்கும் மலாய்க்காரருக்கும் சீனருக்கும் அவர் ஸ்டோர் அக்காதான். வயது ஐம்பத்தைந்து, கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். புதுக் கையுறை வேண்டுமென்றால் பழைய கையுறையைக் கொண்டுபோய்க் காட்டவேண்டும். "ரெண்டு வெரல்தானே கிழிஞ்சிருக்கு, மிச்சம் மூணு நல்லாத்தானே இருக்கு" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

ஆறு நாளும் இப்படி இருக்கும் மனிதர் ஞாயிற்றுக்கிழமை வந்தால் பிளாஸ்க்கில் டீ, பொட்டலத்தில் நாசி லெமாக் சோறு, கையில் நீளக் குடை சகிதம் கிளம்பிவிடுவார். இடிந்த கோட்டை, பாழடைந்த பங்களா, ரயில் நிற்பதை மறந்துபோன பழைய ஸ்டேஷன், எதுவாக இருந்தாலும் சரி. பழைய இடமாக இருக்கவேண்டும், அங்கே பேய் இருப்பதாக நாலு பேர் சொல்லவேண்டும்.

போவது பட்டப்பகலில்தான். "ராத்திரியில போனா இருட்டத்தான் பாக்கலாம். அதுக்கு வீட்டுலயே லைட்ட அணைச்சிட்டு உக்காந்தா போதுமே" என்பார்.

இன்னொரு பழக்கம், உள்ளே நுழையுமுன் அந்த இடத்துக்கு உரிய மொழியில் வணக்கம் சொல்வது. கோட்டையென்றால் மலாய், வெள்ளைக்காரன் பங்களா என்றால் ஆங்கிலம், தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயமென்றால் தமிழ். ஜப்பான்காரன் இருந்த இடமென்றால் மொழி தெரியாததால் தலையை மட்டும் குனிந்துவிட்டுப் போவார்.

இந்த யாத்திரையில் நான் மாட்டிக்கொண்டதற்கு என் வாய்தான் காரணம்.

ஒருநாள் கேன்டீனில் எங்கள் கம்பெனி வேன் ஓட்டும் மணியம், கூலாயைத் தாண்டி எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கும் ஒரு பழைய துரை பங்களாவைப் பற்றிக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். நான் சும்மா இருந்திருக்கலாம். "செத்தவனுக்கு யாரு சம்பளம் குடுக்கிறா, திரும்பி வந்து வேலை செய்ய? பேயுமில்ல கீயுமில்ல" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கே என்னைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

பக்கத்து மேசையிலிருந்து ஸ்டோர் அக்கா கேட்டார். "அப்ப ராஜேன், ஞாயித்துக்கெழம ஃப்ரீயா?"

மேசையைச் சுற்றிப் பதினொரு பேர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஃப்ரீ என்று சொல்லிவிட்டேன்.

ஓர் உண்மையை இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஸ்கூடாயில் என் வீட்டுக் குளியலறைக்குப் போகும்போது என் மனைவி ஹாலில் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவேன். எனக்கு வயது முப்பத்தெட்டு.

முதலில் ஜொகூர் ஆற்றங்கரையில் ஒரு பழைய கோட்டைக்குப் போனோம். மண்மேட்டைத் தவிரப் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. அக்கா வாசலில் நின்று, "தும்பாங் லாலு, தோக்" என்றார். பெரியவரே, இந்த வழியாகப் போய்க்கொள்கிறோம் என்று மலாயில் அனுமதி கேட்பது. நானும் அதையே மூன்று தடவை சொன்னேன்.

பத்தடி போயிருப்போம். எனக்குப் பின்னால் 'சரக், சரக்' என்று சத்தம். நின்றால் அதுவும் நின்றது. நடந்தால் அதுவும் நடந்தது. முருகனில் தொடங்கி எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டுப் பார்த்தேன். சத்தம் நிற்கவில்லை.

"அக்கா, பின்னாடி யாரோ வராங்க."

அக்கா திரும்பிப் பார்த்தார். என் முதுகைப் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார். "கால தூக்கு."

தூக்கினேன். சப்பாத்தின் அடியில் ஒரு பிஸ்கட் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை உருவி என் கையில் கொடுத்தார். "இந்தா ஒன் பேய். குப்பத் தொட்டியில போட்டுட்டு வா."

மறுநாள் கேன்டீனில் நான் கோட்டையை ஏதோ நானே கட்டிய மாதிரி வர்ணித்தேன். அக்கா பக்கத்து மேசையில்தான் இருந்தார். மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாரே தவிர, காகிதத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. அதனால் எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. அடுத்த மாதம் தங்காக் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு பாழடைந்த விடுதிக்குப் போனோம். அதைப் பத்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிட்டோம். அதன்பிறகு ஊருக்குள் துணிக்கடைகளில் மூன்றரை மணி நேரம் அக்கா ஒரு சேலை தேடினார். அன்று எனக்கு மயக்கம் வந்தது உண்மை. அதற்கும் பேய்க்கும் சம்பந்தமில்லை.

மூன்றாவதுதான் மணியம் சொன்ன துரை பங்களா.

அது ஒரு காலத்தில் கித்தா, அதாவது ரப்பர்த் தோட்டம். வெள்ளைக்காரத் துரை அங்கேயே செத்துப்போனாராம். இன்றைக்கும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மாடியில் அவருடைய பூட்ஸ் சத்தம் கேட்குமாம். பகலில்தானே போகிறோம் என்பதுதான் எனக்கிருந்த ஒரே ஆறுதல். இந்தப் பேயோ பகல் ஷிஃப்டில் வேலை பார்க்கிறது.

அக்காவின் கார் ஒர்க்‌ஷாப்பில் இருந்ததால் என் காரில் போனோம். செம்பனைக்கு நடுவே செம்மண் பாதையில் இரண்டு கிலோமீட்டர். கைப்பேசியில் லைன் இல்லை. பங்களா செங்கல் தூண்களின்மேல் நின்றது. பாதிக் கூரை இல்லை. மாடிக்குப் போகும் மரப்படி மட்டும் அகலமாக, இன்னும் துரை வீட்டுக் கம்பீரத்தோடு இருந்தது.

அக்கா படிக்குக் கீழே நின்று செருப்பைச் சரிசெய்துகொண்டார். "குட் ஆஃப்டர்நூன், சார். மே ஐ கம் அப், சார்?"

கொஞ்ச நேரம் காத்திருந்தார். "வேணான்னு சொல்லல. வா, போலாம்."

"நீங்க போங்கக்கா. நான் கீழ எல்லாத்தையும் ஒருதடவை பாத்துடறேன்" என்றேன். கீழே பார்ப்பதற்கு வௌவால் எச்சத்தைத் தவிர எதுவும் இல்லை. அக்கா தனியாக ஏறினார். நான் சமையற்கட்டுப் பக்கம், வெயில் விழுகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டேன்.

அப்போதுதான் கேட்டது. டொக்... டொக்... டொக்.

அக்கா போட்டிருந்தது ரப்பர் செருப்பு. ரப்பர் செருப்பு டொக் என்று சொல்லாது. மணியைப் பார்த்தேன். பன்னிரண்டைத் தாண்டி நாலு நிமிடம். திடீரென்று 'படார்' என்று ஒரு சத்தம். அதன்பிறகு அடித்தொண்டையிலிருந்து நீளமாக ஒரு குரல்: "ராஆஆ... ஜேஏஏன்..."

அந்த வீட்டில் என் பெயர் தெரிந்தவர் யார் என்று ஒரு நொடி யோசித்திருந்தால் போதும். நான் யோசிக்கவில்லை. துரைக்கு என் பெயர் தெரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

ஓடினேன். காரைத் தாண்டி ஓடினேன். சாவி என் சட்டைப்பையில்தான் இருந்தது. செம்பனைக்குள் விழுந்து, காய்ந்த மட்டையில் முள் குத்தி, ஒரு காலின் சப்பாத்தை வாய்க்காலுக்குக் கொடுத்துவிட்டு, செம்பனைப் பழக்குலை ஏற்றிவந்த ஒரு டிராக்டருக்கு முன்னால் போய் நின்றேன். ஓட்டிவந்தவர் ஓர் இந்தோனேசியர். வண்டியை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஹந்து, பாங். ஹந்து" என்றேன். பேய், அண்ணே, பேய்.

அவர் நிதானமாகக் கேட்டார். "கவான் மானா?"

உன் கூட்டாளி எங்கே என்று அர்த்தம். அன்று நான் கேட்டதிலேயே பயங்கரமான வார்த்தை அதுதான். பூட்ஸ் சத்தமெல்லாம் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. டொக் டொக் என்றது அக்காவின் குடை, படார் என்றது படி, கூப்பிட்டது அக்கா. எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. என் அம்மா வயதுக்குக் கொஞ்சம் குறைந்த ஒரு பெண்மணியை இடிந்த வீட்டில் விட்டுவிட்டு ஒற்றைச் சப்பாத்தோடு நின்றுகொண்டிருந்தேன்.

டிராக்டரில் பழக்குலைமேல் உட்கார்ந்து திரும்பினேன். அதன் முள் எங்கெங்கு குத்தியது என்று எழுத இது இடமில்லை. குத்தட்டும் என்றுதான் இருந்தது.

அக்கா படியின் நடுவில், உடைந்த பலகைக்குள் ஒரு கால் தொடைவரை புதைந்தபடி உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. கையில் பிளாஸ்க் மூடி, அதில் டீ.

"வந்துட்டியா" என்றார். டிராக்டர்காரருக்குத்தான் முதலில் நன்றி சொன்னார்.

பலகையை உடைத்துக் காலை எடுத்தோம். கணுக்கால் வீங்கிக் கிடந்தது. மருத்துவமனைக்குப் போகும் வழியெல்லாம் நான் சாலையை மட்டுமே பார்த்தேன். கூலாய் வந்ததும் அக்கா கேட்டார். "ஒரு சப்பாத்து எங்க?"

"ஓடுறப்ப விழுந்துடுச்சிக்கா."

"ம்" என்றார்.

எலும்பு முறிவு. முழங்கால்வரை மாவுக்கட்டு. திங்கட்கிழமை நான் முள் குத்திய காலைக் காட்டி எம்.சி. என்கிற மருத்துவ விடுப்பு எடுத்துக்கொண்டு, வேறு தொழிற்சாலைகளில் ஆள் எடுக்கிறார்களா என்று தேடினேன். பதினொரு பேர் முன்னால் நான் பேசிய பேச்சுக்கு இனி ஆயுசுக்கும் சிரிப்பார்கள். அதைத் தாங்கிக்கொள்ளலாம். அக்காவை விட்டுவிட்டு ஓடினவன் என்று சொல்வார்களே, அதைத் தாங்க முடியாது.

செவ்வாய்க்கிழமை கேன்டீனுக்குள் நுழைந்தேன். மணியம் எழுந்து வந்து தோளில் தட்டி, என் முன்னால் ஒரு டீயை வைத்தான்.

"அக்கா போன்ல எல்லாம் சொன்னாங்க. உள்ள லைன் இல்லயாம். கார எடுத்தா சேத்துல மாட்டிக்கும்னு, வெறுங்காலோட ஓடியே போயி டிராக்டர கூட்டிட்டு வந்தியாமே. நீ இல்லன்னா என்ன ஆயிருக்கும்?"

காருக்குக்கூட அக்கா ஒரு காரணம் கண்டுபிடித்திருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு டீயைக் குடித்தேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அன்று வேலை முடிந்ததும் நேரே கூலாயில் அக்கா வீட்டுக்குப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டியிருந்தார்.

"நான் ஆள் கூப்பிட ஓடலக்கா. பயந்து ஓடினேன்."

"தெரியும் லா. நான் கூப்பிடக் கூப்பிட ஓடுன. படிக்குப் பக்கத்து ஜன்னல் வழியா பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"ஓடுன. ஆளோட திரும்பி வந்த. நடுவுல என்ன நடந்துச்சின்னு அவங்களுக்கு எதுக்கு? மொதல்ல பசியாறு" என்று ரொட்டித் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

அப்போதுதான் கேட்டேன். உளுத்துப்போன படியில் ஏறி அந்த மாடிக்கு ஏன் போகவேண்டும் என்று.

"நான் அந்தத் தோட்டத்துலதான் பொறந்தேன். எங்கம்மா அந்த பங்களாவுல வேல செஞ்சாங்க. கீழ கூட்டுவாங்க, பாத்திரம் கழுவுவாங்க. மாடிக்கு மட்டும் விடமாட்டாங்களாம். மேல எப்படிம்மா இருக்கும்னு கேட்டா, தெரியலடின்னு சொல்லுவாங்க. கடைசிவரைக்கும் தெரியாமயே போயிட்டாங்க." பிறகு லேசாகச் சிரித்தார். "அந்தத் தோட்டத்துல எத்தன பேரு செத்தாங்க. ஒருத்தரும் பேயா வரல பாரு. தொர மட்டும் வந்துட்டாரு. செத்த பெறகும் அவருக்குத்தான் பங்களா."

"எத்தனாவது படியில விழுந்தீங்க?"

"ஏழு. இன்னும் ஒம்போது இருக்கு."

மூன்று மாதம் கழித்து, கட்டு அவிழ்த்து, அக்கா நொண்டாமல் நடக்கத் தொடங்கியபின், இந்தத் தடவை நானே கேட்டேன். "ஞாயித்துக்கெழம ஃப்ரீயாக்கா?" அந்த டிராக்டர்காரரைத் தேடிப் பிடித்து ஓர் அலுமினிய ஏணி இரவல் வாங்கினோம். வெளிச்சுவரில் சாய்த்து முதலில் நான் ஏறினேன். தைரியம் வந்துவிட்டதா என்று கேட்காதீர்கள். ஏணி ஆடியது காற்றினால் இல்லை.

மாடியில் ஓர் அறை. ஒரு கட்டில் சட்டம், உடைந்த ஜன்னல், தரையெல்லாம் புறா இறகு. பூட்ஸ் இல்லை, துரையும் இல்லை. அக்கா ஜன்னலருகே போய் நின்றார். ஒரு காலத்தில் லயங்கள் இருந்த பக்கம் முழுக்கச் செம்பனை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்வளவுதானா" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. "ஒண்ணுமே இல்லம்மா."

நான் முன்னால் இறங்கி, கீழே நின்று ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அக்கா ஒவ்வொரு படியாக மெதுவாக இறங்கினார். அந்த நேரம் பங்களாவுக்குள்ளிருந்து எப்படிப்பட்ட குரல் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தாலும், அந்த ஏணியை நான் விட்டிருக்கமாட்டேன்.