வண்டிக்குத் தாகம்

தென்காசி வட்டாரத்தில் நிப்பாட்டு அண்ணாச்சி தண்ணீர் குடித்துப் பார்க்காத கிணறு ஒன்று உண்டு என்று யாராவது சொன்னால், அந்தக் கிணற்றை இன்னும் வெட்டவில்லை என்று அர்த்தம்.

பெற்றோர் வைத்த பெயர் என்னவோ, எங்களில் ஒருவருக்கும் தெரியாது. குற்றாலத்தில் புறப்பட்டு இலஞ்சி, தென்காசி வழியாக அச்சன்புதூர் போகிற பஸ்ஸுக்கு அவர் டிரைவர். யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காததால் பஸ்ஸின் முதுகில் ஒரு பீப்பாயைக் கட்டி, அதில் கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையைக் கொண்டே வண்டியை ஓட்டினார்கள். மேட்டைக் கண்டால் பஸ் தானாக நிற்கும். அது நிற்காத இடங்களில் அண்ணாச்சி நிப்பாட்டுவார்.

"வண்டிக்குத் தாகம்" என்று சொல்லிவிட்டுத் தகர வாளியோடு இறங்குவார். ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஒரு கை தண்ணீர் ஊற்றுவார். மிச்ச வாளியை அண்ணாந்து தன் வாயில் ஊற்றிக்கொள்வார். பிறகு ஏதாவது ஒரு புளிய மரத்துக்குப் பின்னால் போவார். திரும்பி வந்து இன்னும் அரை வாளி. இலஞ்சியைச் சுற்றிக்கொண்டு தென்காசி போய்ச் சேருவதற்குள் நாலு கிணறு ஆகிவிடும். தலையில் கூடையோடு சந்தைக்கு நடக்கிற பெண்கள் எங்களை முந்திப் போய், திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள்.

நான் தென்காசி முன்சீப் கோர்ட்டில் நகல் எழுதும் குமாஸ்தா. தினமும் அந்த பஸ்ஸில்தான் போக வேண்டும். எனக்கு அந்த வயதில் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"என்ன அண்ணாச்சி, எருமைமாடுகூட இம்புட்டுக் குடிக்காதே!"

"எருமை கரியா திங்குது சார்? இது திங்குது. சூடு பிடிக்கும்லா?"

பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒருநாள் இருபது பேரிடம் கையெழுத்து வாங்கி பஸ் முதலாளிக்கு ஒரு மனு எழுதினேன். "மேற்படி பஸ்ஸானது தண்ணீர் குடிப்பதையே முழுநேரத் தொழிலாகக் கொண்டிருக்கிறபடியால்" என்று கோர்ட்டு நடையில் ஆரம்பித்து, மூன்று பக்கம். முதலாளி பயந்துபோய் ரேடியேட்டரையே மாற்றினார். புது ரேடியேட்டர் பழையதைவிட அதிகமாகக் குடித்தது.

அண்ணாச்சியின் காக்கிச் சட்டை நாளுக்கு நாள் தொளதொளவென்று ஆகிக்கொண்டு வந்தது. உள்ளே ஆள் இளைத்துக்கொண்டிருக்கிறார் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நாங்கள் இருபது பேரும் பஸ்ஸின் உடம்பைப் பற்றித்தான் கவலைப்பட்டோம். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

கடைசியில் முதலாளி செங்கோட்டையிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார். அதிகம் பேசாத மனிதர். ஒரு நடை எங்களோடு பஸ்ஸில் வந்தார். ஒவ்வொரு கிணற்றடியிலும் அண்ணாச்சிக்கு முன்னால் அவர் இறங்கி ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தார். அண்ணாச்சி போய்வந்த மரத்தடிக்கும் ஒரு தடவை போய்ப் பார்த்தார். தென்காசியில் எல்லாரும் இறங்கிய பிறகு என்னையும் அண்ணாச்சியையும் நிறுத்தினார்.

"மனு எழுதுனது நீங்கதானே? கேட்டுக்கிடுங்க. வண்டிக்கு ஒரு சுகக்கேடும் இல்ல. ரேடியேட்டரு குற்றாலத்துலயும் நிறைஞ்சிருந்துது, இங்கனயும் நிறைஞ்சிருக்கு. மரத்தடியில சக்கரையக் கொட்டினாப்புல எறும்பு சாரை சாரையா மொய்க்குது. ஆளத்தான் ஆஸ்பத்திரியில காட்டணும்."

"போவே! எல்லாம் கரிச் சூடு" என்றார் அண்ணாச்சி.

"கரி பின்னாலலா எரியுது? நீங்க முன்னால இருக்கிய."

"அப்ப சாரலு. சாரல் குளிர்ல எவனுக்குத்தான் அடிக்கடி ஒண்ணுக்கு வராது?"

"சாரல் நின்னு மூணு மாசமாச்சு, அண்ணாச்சி."

"கருவாட்டுக் குழம்பு..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டு, பஸ்ஸின் படியில் உட்கார்ந்தார்.

"எங்கய்யாவுக்கும் இப்படித்தான் தொடங்கிச்சு. தண்ணி, தண்ணின்னு கேட்டாரு. காலுல ஒரு முள்ளு குத்துச்சு, அது ஆறவே இல்ல. போயிட்டாரு. எனக்குத் தெரியும் சார். தெரிஞ்சுதான் டாக்டருகிட்ட போவல. 'வண்டிய விட்டுரு'ன்னு சொல்லிட்டா? ஸ்டீரிங்கத் தவிர எனக்கு வேற எதப் பிடிக்கத் தெரியும்?"

மெக்கானிக் நேரே முதலாளியிடம் போய், எஞ்சினைப் பிரிக்க வேண்டும், மூன்று நாள் ஆகும் என்று கூசாமல் ஒரு பொய் சொன்னார். டிரைவருக்காக பஸ் லீவு போட்டது.

தென்காசியிலேயே இருந்த, எல்.எம்.பி. படித்த டாக்டர் ஒருவரிடம் அண்ணாச்சியை நான்தான் அழைத்துப் போய், அவர் அப்பா செத்த கதையையும் சொன்னேன். "நீரிழிவுதானே?" என்று முந்திரிக்கொட்டை மாதிரி கேட்டேன்.

டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க சொல்லுததா இருந்தா நான் எதுக்கு? வெயில்ல கெடந்தாலும் தாகம் வரும். ஓயாம காப்பி குடிச்சாலும் அடிக்கடி போவ வேண்டியிருக்கும். நீர்ப்பாதையில புண்ணா இருக்கலாம், சிறுநீரகக் கோளாறா இருக்கலாம், நீரிழிவாவும் இருக்கலாம். சோதிச்சாத்தான் தெரியும்."

கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அண்ணாச்சி பிடித்துக் கொடுத்ததில் சில சொட்டு விட்டு, விளக்கில் காட்டினார். நீலம் பச்சையாயிற்று. பச்சை மஞ்சளாயிற்று. பிறகு செங்கல் நிறம். ரயில்வே கேட்டைப் பார்ப்பதுபோல அண்ணாச்சி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிவப்பு வந்துட்டே சார்" என்று மெதுவாகச் சொல்லி என் கையைப் பிடித்தார்.

"நீரிழிவுதான். ஆனா உங்கய்யா காலம் இல்ல இது. இப்ப ஊசி இருக்கு" என்றார் டாக்டர். பத்தியமெல்லாம் சொன்னார். அண்ணாச்சி கேட்டது ஒரே கேள்வி.

"வண்டி ஓட்டலாமா?"

டாக்டர் கண்ணைச் சோதித்தார். பாதத்தை விரல் விரலாகப் பார்த்தார். "ஓட்டலாம். நேரத்துக்கு ஊசி, நேரத்துக்குச் சாப்பாடு, மாசாமாசம் இங்கன வந்து காட்டணும். தலை கிறுகிறுன்னு வந்தா அந்த இடத்துலயே வண்டிய நிப்பாட்டணும்."

"அதை இவருக்குச் சொல்லியா கொடுக்கணும்?" என்றேன். அண்ணாச்சி அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தார்.

வெளியே வந்ததும், மனு எழுதியதற்கு மன்னித்துக்கொள்ளச் சொன்னேன்.

"எதுக்கு சார்? எங்கய்யாவுக்கு அப்படி ஒரு மனு எழுத ஆளில்லாமப் போச்சே."

அவர் கையிலிருந்த மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு, ஊசி மருந்து வாங்க முன்னால் நடந்தேன்.

மூன்றாம் நாள் அவரே முதலாளியிடம் போய் உள்ளதைச் சொன்னார். நானும் கூட நின்றேன். முதலாளி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"ஏலே, இம்புட்டு நாளும் வண்டியையா நான் ஏசிக்கிட்டிருந்தேன்? டாக்டரு ஓட்டலாம்னு சொன்னாருல்லா? போய் எடு. நிக்கணும்னா நில்லு. ஆனா வண்டி பேரச் சொல்லி நிக்காத, பாவம்."

மறுநாள் காலை இலஞ்சிக் கிணற்றடியில் பஸ் நின்றது. ஊசி போட்டு இரண்டு நாள்தானே ஆகியிருந்தது, தாகம் அதற்குள் எங்கே அடங்கும்? அண்ணாச்சி இறங்கவில்லை. திரும்பி எங்கள் எல்லாரையும் பார்த்தார்.

"எனக்குத்தான் தாகம். அஞ்சு நிமிசம் பொறுத்துக்கிடுங்க."

பின்னாலிருந்து யாரோ, "மெள்ளப் போயிட்டு வாங்க அண்ணாச்சி" என்றார்கள். நானும் கூட இறங்கிப் போய்த் தண்ணீர் இறைத்துக் கொடுத்தேன்.

கோர்ட்டுக்கு அன்றைக்கும் தாமதம். ஹெட் கிளார்க் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "இன்னைக்கு என்ன வே?" என்றார்.

"எங்க டிரைவருக்குத் தாகம், சார்" என்றேன்.