ஆயிரம் முறை ஓட்டிப் பார்த்த சண்டை

நன்றாகக் கதை சொல்லிக்கொண்டே வருகிற மனிதர், கதையில் முதல் வாள் உருவப்பட்டதும் பேச்சை நிறுத்திவிட்டு லேப்டாப்பைத் தம் பக்கம் திருப்பிக்கொள்வதைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். வலது கை தட்டிக்கொண்டிருக்கும். தலை நிமிராது. இடது கையின் ஆள்காட்டி விரல் மட்டும் நம்மை நோக்கி எழும்பும். பொறுங்கள் என்று அர்த்தம். இந்த விரலை வைத்தே இந்த இனத்தை அடையாளம் கண்டுவிடலாம். 'சண்டையைச் சுலபமாக்குகிறவர்' என்று நான் இதற்குப் பெயர் வைத்திருக்கிறேன்.

விளையாட்டு தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மேசையைச் சுற்றி நாலு பேர் உட்காருவார்கள். ஒருவர் கதை சொல்லுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, மதில் ஏறுகிறேன், காவலனை ஏமாற்றுகிறேன் என்று கதைக்குள் நடப்பார்கள். வெட்டு விழுந்ததா தப்பியதா என்பதை இருபது முகமுள்ள பகடை சொல்லும். உருட்டி, எண்ணைப் பார்த்து, காயம் பட்டவரின் உயிரில் கொஞ்சம் கழிக்க வேண்டும். எட்டாம் வகுப்புக் கணக்கு போதும். என்னிடமே அது இருக்கிறது.

நம்மவருக்குப் போதுமா? யார் முதலில் வெட்டுவது என்று வரிசைப்படுத்த லேப்டாப்பில் ஒரு குட்டிப் புரோகிராம், அவர் பாஷையில் ஸ்கிரிப்ட், எழுதுவார். காயத்தைக் கழிக்க இன்னொன்று. காவலர்கள் பயந்து ஓடுவார்களா என்று பார்க்க வேறொன்று. இவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஒன்று, பேசாமல் போனால் ஏன் பேசவில்லை என்று கண்டுபிடிக்க ஒன்று. அதற்குள் மழை பெய்தால் மதில் வழுக்குமே என்று ஞாபகம் வந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதுவார். எதற்காக? சண்டை சீக்கிரம் முடிவதற்காக.

எங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். என் வீட்டுக்காரர் ராபர்ட். செஞ்சியில் ஜெராக்ஸ் கடை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஆட்டம். என் தங்கை அமலா வில்லாளி. அனந்தபுரத்தில் உரக்கடை வைத்திருக்கும் கலியபெருமாள் மந்திரவாதி. கதை நடப்பது கற்பனைக் கோட்டை என்று ராபர்ட் சொல்லுவார். மூன்று மலை, சுற்றி மதில், உச்சிக்குப் போகும் வழியில் பள்ளத்தின் மேல் ஒரு பாலம். கற்பனையாம்.

அந்தப் பாலத்தில்தான் அமலா மாட்டிக்கொண்டாள். பின்னால் காவலர்கள், எதிரே கோட்டைக் கதவு, உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் உயிர். கதைப்படி அது ஒரு மூச்சு விடும் நேரம். நம் காலண்டர்படி பொங்கலிலிருந்து நிற்கிறாள். குருத்தோலை ஞாயிறும் வந்து போய்விட்டது. இதற்குள் அவளுக்கு ஓசூர் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை பஸ் ஏற வேண்டும். அதற்குள் பாலத்தைக் கடந்தேனா விழுந்தேனா என்று தெரிந்தாக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள்.

கடைசி ஞாயிறு. விரல் எழும்பியது.

"மாமா, அந்தக் காவக்காரனுங்களுக்குப் புள்ளைங்க பொறந்து ஸ்கூலுக்கே போவுதுங்க. சீக்கிரம்" என்றாள் அமலா.

"இரும்மா. புது ஸ்கிரிப்ட் சூப்பரா ஓடுது. நேத்தே இந்தச் சண்டைய ஆயிரம் தடவ ஓட்டிப் பாத்துட்டேன்" என்றார் ராபர்ட் பெருமையோடு.

"பாத்து?"

"தொள்ளாயிரத்துக்கு மேல நீ செத்துட்ட."

வாயில் போட்ட வேர்க்கடலையைக் கலியபெருமாள் மெல்லவில்லை. "யோவ், நாங்க இல்லாமயே சண்டைய முடிச்சிட்டியா? நான் இன்னா பண்ணேன்?"

"நீங்க பெரும்பாலும் ஓடிட்டீங்க."

"அப்போ நான் இன்னாத்துக்கு மாமா வந்தேன்? என் அடக்கத்துக்குப் பூ போடவா?" என்றாள் அமலா.

பாருங்கள், ஆடுகிறவர்களை விட்டுவிட்டு ஆட்டத்தை ஆடி முடிக்க இந்த இனத்தால்தான் முடியும். கெட்ட மனசு இல்லை. கொல்லத்தான் மனசு வராது. நேரே முகத்தைப் பார்த்து 'நீ செத்தாய்' என்று சொல்லக் கூச்சப்பட்டு, அதைச் சொல்ல ஒரு மெஷினைத் தேடுகிறது. நானா கொன்னேன்? புரோகிராம் கொன்னுது.

அமலா லேப்டாப்பை மூடினாள். அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டாள். "பதினஞ்சு வந்தா கடந்துட்டேன். கொறஞ்சா வுழுந்துட்டேன்" என்று பகடையை உருட்டினாள். அது மேசையை விட்டு இறங்கி, பீரோ காலில் இடித்து நின்றது.

நாலு.

"கீழ வுழுந்தா செல்லாது, திரும்ப உருட்டு" என்றார் ராபர்ட் அவசரமாக.

"செல்லும். சொல்லுங்க மாமா."

ராபர்ட் லேப்டாப்பைப் பார்த்தார். முழங்கை நகரவில்லை. வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தார். காலடியில் பலகை உடைந்ததையும், விழும்போது அவள் கடைசி அம்பைப் பாலத்தின் கயிற்றை நோக்கி எய்ததையும், பாலமும் காவலர்களும் அவளோடு சேர்ந்தே பள்ளத்துக்குள் போனதையும், அதற்கப்புறம் மலையில் ஒரு குரங்குகூடக் கத்தாமல் இருந்ததையும், மெதுவாக, அவள் முகத்தைப் பார்த்தே சொன்னார். டீ ஆறிப்போனது. கலியபெருமாள் மூக்கை உறிஞ்சி, சளி என்றார்.

அமலா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "இத்தப் பொங்கலுக்கே சொல்லியிருக்கலாம்ல, மாமா?"

நீங்களும் சிரிக்கலாம். நீங்கள் லேப்டாப்பையே தொடாதவர். ஆனால் சமையலைச் சுலபமாக்க டப்பாக்களுக்கெல்லாம் பெயர் ஒட்டி, அதிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஓட்டிவிட்டு, மத்தியானம் பார்சல் வாங்கிச் சாப்பிட்டது யார் வீட்டில்? அம்மாவை யார் வைத்துக்கொள்வது என்று அண்ணன் தம்பிகளுக்குள் சீட்டுக் குலுக்கிப் போட்டு, 'நானா சொன்னேன், சீட்டுல வந்துது' என்றது யார்? ஆள்காட்டி விரலை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

அமலா இப்போது ஓசூரில் இருக்கிறாள். ஞாயிறுதோறும் போனில் வந்து ஆடுகிறாள். இந்தப் புதுக் கதையில் அவள் திருடி. பகடையை அங்கே அவளே உருட்டி, எண்ணையும் அவளே சொல்லுகிறாள். பதினெட்டுக்குக் கீழே விழுவதேயில்லை. ராபர்ட் ஒன்றும் கேட்பதில்லை.