உங்கள் மனுவில் நான் கையெழுத்திடாத காரணம்

மதிப்புக்குரிய அக்கா அர்லீனுக்கு, தம்பி டுவேன் எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம். அங்கும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறேன்.

துப்பாக்கி வாங்குபவர் மூன்று நாள் காத்திருக்க வேண்டும் என்று சட்டம் கேட்டு மொன்டானா மாநிலம் முழுக்கக் கையெழுத்து வாங்குகிறீர்களாம். என் துப்பாக்கிக் கடைக்கு மட்டும் வரவில்லை. இதே விஷயத்தில் சண்டை போட்டு நாம் பேசிக்கொண்டு நான்கு வருடமாகிறது. போன மாதம் ஊர்க்கூட்டத்தில் எழுந்து, "காசு குடுத்தவன் சரக்கை எடுத்துட்டுப் போறான், நடுவுல அரசாங்கத்துக்கு என்னய்யா வேலை?" என்று கேட்டேன். நல்ல கைதட்டல். ஆனால் உங்களிடம் மறைப்பானேன், என் மனைவி ஜூடித் இறந்த பிறகு என் கடையில் யாருக்கும் அன்றைக்கே துப்பாக்கி கொடுத்ததில்லை. வாங்குபவர் மேல் குற்றவழக்கு உண்டா என்று அரசாங்கத்திடம் போனில் சரிபார்ப்பது பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். நான்தான் "லைன் கிடைக்கலப்பா, நாளைக்கு வா" என்பேன். மறுநாள் காபி ஊற்றிக் கொடுத்து, "தாள் இன்னும் வரல" என்பேன். கொள்கையெல்லாம் இல்லை. துப்பாக்கி கிடைத்தவன் திரும்ப வருவதில்லை. கிடைக்காதவன் வருவான், அரை மணி நேரம் பேசுவான். "உங்கிட்ட துப்பாக்கி வாங்குறதுக்குள்ள மான் கிழடாகிச் செத்துடும்யா!" என்று திட்டிவிட்டு இரண்டு பேர் அடுத்த ஊர்க் கடைக்கே போய்விட்டார்கள்.

ஜனவரியில் பள்ளிப் பேருந்து ஓட்டும் ஓரின் வந்தான். மனைவி விட்டுப் போனவன். எதைக் காட்டினாலும் "சரி" என்றான், விலைகூடக் கேட்கவில்லை. பேரம் பேசாத ஆளைக் கண்டால் எனக்கு உள்ளுக்குள் உறுத்தும். ஆனாலும் ஒன்றும் கேட்கவில்லை. காபிக்கு ஒரு துணை கிடைத்ததே என்று மறுநாள் வரச் சொன்னேன், அதற்கு மறுநாளும் சொன்னேன். மூன்றாம் நாள் அரை டஜன் டோனட்டோடு வந்து, "துப்பாக்கி வேணாம், டுவேன்" என்றான்.

"ஏம்ப்பா, விலை குறைச்சுத் தர்றேன்."

"முதல் நாளே குடுத்திருந்தீங்கன்னா, இதைச் சொல்ல இன்னைக்கு நான் இருந்திருக்க மாட்டேன்."

"காபி ஆறுது, குடி" என்றேன்.

இதைப் படித்துவிட்டு டுவேன் மனம் மாறிவிட்டான் என்று உங்கள் கூட்டத்தில் அறிவித்துவிடாதீர்கள். நானாகச் செய்தது என் இஷ்டம். அதையே சட்டம் போட்டுச் செய்யச் சொன்னால் எதிர்ப்பேன். ஆகவே கையெழுத்துக் கிடையாது.

இந்தக் குளிரில் உங்கள் அடுப்பும் உடம்பும் சூடாக இருக்கட்டும்.

தம்பி,
டுவேன்

பி.கு.: கையெழுத்துப் போடுகிறேன். மனுவைத் தபாலில் அனுப்பாமல் நீங்களே கொண்டு வாருங்கள். மாடியறையில் படுக்கை தயாராக இருக்கிறது. முழுக்கப் படிக்காமல் நான் எதிலும் கையெழுத்திட மாட்டேன்; இப்போதெல்லாம் மிக மெதுவாகத்தான் படிக்கிறேன்.